ஒரே பந்தி: தெல்லிப்பழை மிஷனும் திருச்சபை ஒற்றுமையும்

ஒரு சமூகத்தின் ஒற்றுமையை அது நிறைவேற்றும் தீர்மானங்களைக் கொண்டு அளப்பதா, அது அமர்ந்து உண்ணும் பந்தியைக் கொண்டு அளப்பதா என்ற வினா தமிழர் வரலாற்றில் பன்முறை எழுந்திருக்கிறது. சைவக் கோவில்களின் வாசலில் எழுந்த இவ்வினா கிறிஸ்தவத் திருச்சபையின் உள்ளும் எழுந்தது. இன்னும் சொல்லப்போனால், திருச்சபை தோன்றிய நாள் தொட்டே அதனுள் எழுந்தது. கொரிந்து நகரத்துச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தைப் படிப்போர் இதனை அறிவர். ஆண்டவரின் பந்திக்கென்று கூடியவர்களுள் வசதியுள்ளோர் முன்னதாக வந்து வயிறார உண்டனர். நாள் முழுதும் உழைத்துவிட்டுப் பின்னால் வந்த ஏழைகள் பசித்திருந்தனர். பவுல் வெகுண்டு கண்டித்தது இந்நிலையைத்தான். ஆகவே, சபைப் பிளவு என்பது கோட்பாட்டுச் சண்டையாக மட்டும் பிறக்கவில்லை. அதற்கு முன்னரே சோற்றுப் பானையின் அருகில் அது பிறந்துவிட்டது.

யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் 1816ஆம் ஆண்டு நிலைகொண்ட அமெரிக்க மிஷனின் வரலாற்றை இந்தக் கண்ணோடு நோக்குதல் பயனுடையது. கல்வி, மருத்துவம், அச்சுக்கலை ஆகியவற்றுக்கு அம்மிஷன் ஆற்றிய பணி பலரால் எழுதப்பட்டுவிட்டது. அதனைப் போற்றியோரும் உளர். அந்நியர் சூழ்ச்சியென்று தூற்றியோரும் உளர். அச்சபை தன் அங்கத்தவரை எவ்வாறு ஒன்றாக வைத்திருக்க முயன்றது, எங்கே வென்றது, எங்கே தோற்றது என்பது அவ்வளவாக ஆராயப்படாத பக்கம். அப்பக்கத்தைப் புரட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1

1815ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவின் நியூபெரிபோர்ட் துறைமுகத்திலிருந்து ஒரு பாய்க்கப்பல் புறப்பட்டது. அதில் வந்த மிஷனரிமார் 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தனர். அக்காலத்துத் தேசாதிபதி பிரவுன்றிக்கின் அனுமதியோடு யாழ்ப்பாணம் வந்து, டானியல் பூவர், எட்வர்ட் வாரன் ஆகிய இருவரும் தெல்லிப்பழையிலும், பெஞ்சமின் மெய்க்ஸ், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் ஆகிய இருவரும் வட்டுக்கோட்டையிலும் தங்கினர். அவர்கள் கண்டது வெற்று நிலமன்று. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் கைக்கொண்டு, பின்னர் கேட்பாரற்றுக் கூரையிழந்து கிடந்த கோவிலும் குருமனையுமே அவர்களின் முதல் உறைவிடமாயின.

இவ்விடத்தில் ஓர் உண்மையை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். போர்த்துக்கேயர் காலத்தில் தெல்லிப்பழையார் கத்தோலிக்கராயினர். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் அதே மக்கள் அதே கட்டடத்தில் சீர்திருத்த சபையாராயினர். பல்டேயஸ் என்ற ஒல்லாந்தக் குரு 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில் யாழ்ப்பாணத்துக் கோவில்களின் சித்திரங்களும் இடம்பெற்றிருக்கின்றன. இடாப்பிலே பெயர் பதிந்தோரின் தொகை அக்காலத்தில் மிகப் பெரிது. ஆனால் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியதும் அத்தொகை பனிபோல் கரைந்தது. உத்தியோகமும் காணியுரிமையும் ஞானஸ்நானத்தோடு கட்டுண்டிருந்த வரையில் சபை ‘ஒன்றாக’ இருந்தது. அக்கட்டு அறுந்ததும் சபையும் அற்றது. அதிகாரத்தால் கட்டப்பட்ட ஒற்றுமை அதிகாரத்தின் ஆயுளையே தன் ஆயுளாகக் கொண்டது. பின்வந்த அமெரிக்கருக்கு வரலாறு வைத்திருந்த முதற் பாடம் இது.

அமெரிக்கர் அதிகாரத்தை நம்பவில்லை, பள்ளிக்கூடத்தை நம்பினர். 1816 இறுதியில் தெல்லிப்பழையில் பூவர் தொடங்கிய பாடசாலையே இன்றைய யூனியன் கல்லூரியின் மூலவித்து. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் தோன்றின. பிற்காலத்தில் பதிப்பாசிரியராகப் புகழ்பெற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை இளமையிற் பயின்ற பாடசாலைகளுள் தெல்லிப்பழை மிஷன் பாடசாலையும் ஒன்று. மேலும் அமெரிக்க மிஷனரிமார் வருவதற்கு ஆங்கில அரசு 1820 முதல் 1833 வரை தடை விதித்திருந்தது. இத்தடை மிஷனுக்கு இடரேயாயினும், சபைக்கு ஒரு நன்மையைச் செய்தது. வெளியிலிருந்து ஆள் வாராத நிலையில் உள்ளூர்த் தமிழரைப் பழக்கி ஊழியத்தில் அமர்த்தும் தேவை மிகுந்தது. 1832இல் யாழ்ப்பாணத்துச் சுதேசக் கிறிஸ்தவர் தமக்கென ஒரு சுவிசேஷ சங்கத்தை நிறுவும் அளவுக்கு அவர்கள் வளர்ந்தனர்.

2

ஆயின், பள்ளிக்கூடத்தை நம்பிய மிஷன் சாதியை எவ்வாறு எதிர்கொண்டது? இங்கேதான் பந்தி பற்றிய வினா வருகிறது.

வட்டுக்கோட்டையில் விடுதியில் சேர்ந்த மாணவர்கள் தொடக்கத்தில் மிஷன் வளவினுள் சமைத்த சோற்றை உண்ண மறுத்தனர். அண்டையில் இருந்த சைவர் ஒருவரின் காணியில் அடுக்களை அமைத்து, அங்கே அவர்கள் உண்ண ஏற்பாடு செய்யப்பட்டது. மாணவர் படிப்பது மிஷன் கட்டடத்தில். உண்பது வேலிக்கு அப்பால். அறிவு ஒரு வளவிலும் ஆசாரம் மறு வளவிலுமாக இருந்த இக்காட்சி, அக்காலத்து யாழ்ப்பாணத்தின் முழு உருவத்தையும் ஒரு சிறு சித்திரத்திற் காட்டிவிடுகிறது. காலப்போக்கில் மாணவர் மிஷன் வளவினுள்ளேயே உண்ணத் தலைப்பட்டனர். ஆனால் அடுக்களை இடம் மாறியதால் மட்டும் சாதி வெளியேறிவிடவில்லை.

காரணம் தெளிவு. விடுதிப் பாடசாலைகளிற் சேர்ந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் வேளாளர். நிலமும் நீரும் குடிமைத் தொழிலாளர் மீதான ஆதிக்கமும் அவர்கள் கையில் இருந்தன. ஆங்கிலக் கல்வி அரசாங்க உத்தியோகத்தின் திறவுகோலாயிற்று. அத்திறவுகோல் ஏற்கெனவே வீடு உடையவர்களின் கையிலேயே சேர்ந்தது. உடுவிற் பாடசாலையிற் பயின்று கிறிஸ்தவரை மணந்த பெண்களுக்கு மிஷனே சீதனம் கொடுத்தது. மணமகன் கிறிஸ்தவனாயிருத்தல் வேண்டும் என்ற விதி இருந்தது. ஆனால் அக்கிறிஸ்தவன் எச்சாதியான் என்பதைக் குடும்பத்தார் விசாரிப்பதை அவ்விதி தடுக்கவில்லை. இங்ஙனம் கிறிஸ்தவர்க்குள்ளே ஒரு புதிய மத்தியதர வர்க்கம் உருவாயிற்று. அது சமயத்தால் புதியது. உறவு முறையாலும் காணிப் பற்றாலும் பழையது.

மிஷனரிமாரின் மனப்பாங்கையும் நாம் நேர்மையோடு மதிப்பிடல் வேண்டும். சாதி கிறிஸ்துவின் போதனைக்கு மாறானது என்பதில் அவர்களுக்கு ஐயம் இருந்ததில்லை. ஆனால் மேற்சாதி மாணவரை இழந்தால் பாடசாலை வெறுமையாகும் என்ற அச்சமும் கூடவே இருந்தது. கொள்கைக்கும் இந்த அச்சத்துக்கும் இடையே நடந்த பேரத்தில் பொறுமை என்ற பெயரால் விட்டுக்கொடுத்தது பெரும்பாலும் கொள்கையே. மறுபுறத்தில், மிஷனை எதிர்த்துச் சைவத்தை நிலைநிறுத்த எழுந்த ஆறுமுக நாவலரும் அவர் வழிவந்தோரும் மதமாற்றத்தின் பொருளாசையைச் சாடினரேயன்றிச் சாதி ஒழுங்கைச் சாடினாரில்லை. இரு அணியும் எதிரெதிராக நின்று வாதிட்டன. குடிமைத் தொழிலாளி இரு அணிக்கும் வெளியே நின்றான்.

3

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய நோயன்று. தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாற்றோடு ஒப்பிட்டால் இதன் பரப்பு விளங்கும்.

1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியில், பதினெட்டாம் நூற்றாண்டிலே திருவிருந்துக்கு இரண்டு கிண்ணங்கள் வைக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. ஒன்று மேற்சாதியார்க்கு, மற்றொன்று ஒடுக்கப்பட்டோர்க்கு. ஒரே இரத்தத்தின் அடையாளத்தை இரு பாத்திரங்களிற் பங்கிட்ட விந்தை அது. 1833இல் கல்கத்தாப் பேராயர் டானியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாடு உடனே, முற்றாக, என்றைக்குமாக ஒழிய வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் அதனை ஏற்க மறுத்துச் சபையை விட்டு விலகினர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரும் எதிர்ப்பின் பக்கமே நின்றார்.

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிலிருந்து 1834இல் கிளைத்தது மதுரை மிஷன். தெல்லிப்பழையிற் பாடசாலை தொடங்கிய அதே பூவர் 1836 முதல் சில ஆண்டுகள் மதுரையிற் பணியாற்றினார். அம்மதுரை மிஷன் 1847இல் ஒரு துணிந்த முடிவுக்கு வந்தது. சாதியை விட்டோம் என்று வாயாற் சொன்னால் போதாது; பிற சாதியார் சமைத்ததை எல்லாரோடும் அமர்ந்து உண்டு காட்டல் வேண்டும் என்பது அம்முடிவு. ஊழியர் பலர் வேலையை விட்டனரேயன்றி அப்பந்தியில் அமரவில்லை. எனினும் அந்தச் சோதனை சரியான இடத்தில் கைவைத்தது என்பதில் ஐயமில்லை. சாதி மனிதனின் நாவில் இல்லை, இலையில் இருக்கிறது என்பதை அது கண்டுகொண்டது.

கத்தோலிக்கர் நிலையும் வேறன்று. நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம் தேவாலயத்தில் வேளாளரையும் நாடாரையும் பிரித்து ஒரு தடுப்பு இருந்தது. 1910ஐ ஒட்டி அது அகற்றப்பட்டபோது, தம் ‘உரிமை’ பறிபோயிற்றென்று மேற்சாதிக் கிறிஸ்தவர் நீதிமன்றம் ஏறினர். தேவாலயத்தில் சாதியின் பேரால் தனி இடம் கேட்கும் உரிமை எவர்க்கும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் முடிவு கூறிற்று. திருச்சபை தானே சொல்லியிருக்க வேண்டிய தீர்ப்பை அரசாங்கத்து நீதிபதிகள் சொல்ல நேர்ந்தது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கச் சூழலில் ஒடுக்கப்பட்டோர் பட்ட பாட்டை, அவ்வடித்தளத்திலிருந்தே எழுந்த கே. டானியல் தம் ‘கானல்’ நாவலில் இலக்கியமாக்கினார். மதம் மாறினால் விடாய் தீரும் என்று ஓடியவனுக்கு அங்கும் கானல்நீரே கிடைத்தது என்பதை அந்நூலின் பெயரே உணர்த்தும்.

4

இத்தகைய உட்பிளவுகள் ஆறாத நிலையில்தான் மற்றொரு பெரும் ஒற்றுமை முயற்சி தொடங்கியது. அது சபைகளுக்கு இடையிலான ஐக்கியம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மூன்று புரொட்டஸ்தாந்து மிஷன்கள் வேலை செய்தன. வெஸ்லியன் மெதடிஸ்தர் 1814இல் வந்தனர். அமெரிக்கர் 1816இல் வந்தனர். ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த சர்ச் மிஷனார் 1818இல் நல்லூரில் அமர்ந்தனர். மூவரும் ஊர்களைப் பங்கிட்டுக்கொண்டு, ஒருவர் வயலில் மற்றவர் உழாதவாறு நடந்தனர். மாதந்தோறும் ஒன்றுகூடிச் செபித்தனர். இது பாராட்டத்தக்கதே. ஆனால் இப்பங்கீட்டின் விளைவு என்ன? தெல்லிப்பழையிற் பிறந்தவன் அமெரிக்கச் சபையான். நல்லூரிற் பிறந்தவன் ஆங்கிலிக்கன். இலண்டனிலும் பொஸ்டனிலும் என்றோ நடந்த சண்டைகளின் எல்லைக்கோடுகள் யாழ்ப்பாணத்துப் பனங்காணிகளின் வேலிகளாக மாறின. தமிழ்க் கிறிஸ்தவனுக்கு அச்சண்டைகளில் யாதொரு பங்கும் இல்லை. பிளவு மட்டும் அவனுக்கு முதுசமாயிற்று.

இம்முதுசத்தை உதறும் எண்ணம் இந்நாட்டவரிடமிருந்தே எழுந்தது. 1908இல் அமைந்த தென்னிந்திய ஐக்கிய சபையில் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகளும் சேர்ந்தன. 1919 மே மாதம் முதலிரு நாட்களில் தரங்கம்பாடியில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. தூத்துக்குடிச் சீமையின் வெள்ளாளன்விளையில் நாடார் குடும்பத்திற் பிறந்து, 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வே. சா. அசரியா அதன் உயிர்நாடி. அங்கு கூடி அறிக்கையிற் கையொப்பமிட்டோர் 33 பேர்; அவர்களுள் இருவரைத் தவிர ஏனையோர் யாவரும் இந்தியர். நாம் உண்டாக்காத பிளவுகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பதே அவர்கள் எழுப்பிய வினாவின் சாரம். இரு கிண்ணங்கள் இருந்த அதே தரங்கம்பாடியில் இக்குரல் எழுந்தது வரலாற்றின் பொருத்தங்களுள் ஒன்று. அது முதலாம் உலகப் போர் முடிந்து, ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு கொதித்த ஆண்டு என்பதையும் மறத்தலாகாது. அரசியலிற் சுயராச்சியம் கேட்ட காலத்தின் காற்றுத் தேவாலயத்தின் பலகணிகளையும் திறந்தது.

இருபத்தெட்டு ஆண்டுப் பேச்சின்பின், இந்திய சுதந்திரத்துக்கு ஆறு வாரங்களின் பின்னர், 1947 செப்டெம்பர் 27ஆம் நாள் சென்னை தூய ஜோர்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கர், மெதடிஸ்தர், ஐக்கிய சபையார் மூவரும் கலந்தனர்; ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் ஒரே அமைப்பின்கீழ் வந்தனர். பேராயரை ஏற்ற சபையும் பேராயரை ஏற்காத சபையும் இவ்வாறு ஒன்றாதல் உலகக் கிறிஸ்தவ வரலாற்றில் அதுவரை நிகழாத செயல். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபை அதில் ஓர் ஆதீனமாயிற்று. சபாபதி குலேந்திரன் அதன் முதற் பேராயரானார். சைவ மடங்களுக்குரிய ‘ஆதீனம்’ என்ற சொல்லைக் கிறிஸ்தவ சபை தனதாக்கிக் கொண்டமை, அச்சபை இந்த மண்ணில் வேர்விட்டதற்கு ஓர் அடையாளம். தமிழில் வேதாகமம் வந்த வரலாற்றை நூலாக எழுதிய குலேந்திரனின் புலமையும் அவ்வேரின் கிளையே.

ஆனால் இவ்வெற்றியினுள் ஒரு முரண்பாடும் ஒளிந்திருந்தது. தெல்லிப்பழையார் பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள மதுரையாரோடும் நெல்லையாரோடும் ஒன்றாயினர். சில மைல் தொலைவிலுள்ள சுண்டிக்குளியின் ஆங்கிலிக்கரோடும் பருத்தித்துறையின் மெதடிஸ்தரோடும் ஒன்றாகவில்லை. அவ்விரு சபைகளும் கொழும்பை மையமாகக் கொண்ட இலங்கைச் சபைகளின் உறுப்புகள். கடல் கடந்த தமிழரோடு சேர்வதா, தீவினுள் வாழும் சிங்களக் கிறிஸ்தவரோடு சேர்வதா என்ற கேள்வி, அரசியல் மேடையில் எழுவதற்கு முன்பே திருச்சபையின் அமைப்பில் எழுந்துவிட்டது.

இதற்கு விடைகாண முயன்றோருள் முதன்மையானவர் டி. தி. நைல்ஸ். 1908இல் தெல்லிப்பழையிற் பிறந்த இவர், மெதடிஸ்த குருவாகி, 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கிய நாளிலே பிரசங்கித்த பெருமைக்குரியவர். 1968இல் உப்சாலாவில் அம்மன்றத்தின் தொடக்க வழிபாட்டிற் பேசவேண்டிய மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டமையால் அவ்விடத்தில் நின்று பேசியவரும் இவரே. இலங்கையில் ஆங்கிலிக்கர், மெதடிஸ்தர், பிரெஸ்பிட்டேரியர், பப்டிஸ்தர், யாழ்ப்பாண ஆதீனத்தார் ஆகிய ஐவரையும் சேர்த்து ‘லங்காத் திருச்சபை’ ஒன்றை அமைக்கும் பேச்சு 1940இல் தொடங்கியது. முப்பதாண்டு உழைப்பின் பின், நிறைவேறும் தறுவாயில், எழுபதுகளில் வழக்கு வரை சென்று அது நின்றுபோயிற்று. நைல்ஸ் 1970இலேயே மறைந்துவிட்டார். சிங்களவரும் தமிழரும் ஒரே சபையாராயிருக்கும் வாய்ப்பு, அது மிகத் தேவைப்பட்ட காலத்திலே கைநழுவியது. இந்த நாட்டின் துயரங்களைப் பட்டியலிடுவோர் இச்சிறு தோல்வியையும் அதிற் சேர்த்தல் தகும்.

5

சபைகளை இணைக்கும் யாப்புகள் எழுதப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் பந்தியிலும் வாங்கிலும் என்ன நடந்தது?

இங்கும் முதற்குரல் இளைஞரிடமிருந்தே வந்தது. 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என வளர்ந்தது. கிறிஸ்தவரான ஹண்டி பேரின்பநாயகம் அதன் முன்னணியில் நின்றார். சைவரும் கிறிஸ்தவரும் அதிற் கலந்தனர். சாதி ஒழிப்பும் பூரண சுயராச்சியமும் அதன் இலட்சியங்கள். 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது அவ்விளைஞர் அவரை வரவேற்றனர். அவ்வாண்டிலேயே ஒடுக்கப்பட்ட தமிழ் ஊழியர் சங்கமும் எழுந்தது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு சமமாக வாங்கில் இருக்கும் உரிமை அதன் கோரிக்கைகளுள் முக்கியமானது. அதுவரை, தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகள் தரையிலோ, வகுப்புக்கு வெளியிலோ இருந்து படித்தனர். உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கவேண்டும் என்று அரசாங்கம் பணித்தபோது, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் குடாநாட்டிற் பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. ஒரு பிள்ளை வாங்கில் அமர்வதைப் பொறுக்க மாட்டாமல் வாங்கையே எரித்த சமூகம் நம்முடையது.

வாங்கு, கதிரை ஆகிய இரு சொற்களும் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்றவை. சொல்லை ஏற்றுக்கொள்ள நமக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. அதன் மேல் யார் அமர்வது என்பதிலேதான் நூற்றாண்டுகள் கழிந்தன. 1939இல் மருதனார்மடத்தில் அமைந்த கிறிஸ்து சேவா ஆசிரமம் இதற்கு வேறொரு வழியைக் காட்டிற்று. யாவரும் தரையில் ஒன்றாக அமர்ந்து வழிபடுவதும், உழைப்பைப் பகிர்ந்துகொள்வதும் அவ்வழி. எல்லாரையும் வாங்கில் ஏற்றுவது ஒரு சமத்துவம். எல்லாரும் பாயில் இறங்குவது மற்றொரு சமத்துவம். இரண்டும் வேண்டப்படுவனவே.

ஆயினும், இவை சிலரின் முயற்சிகளாகவே நின்றன. சபையின் பொதுவான போக்கு மௌனம். தெல்லிப்பழைக்கு அண்மையிலே உள்ளது மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில். 1968இல் அதன் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே செல்லும் உரிமை கேட்டு நின்றனர். அதற்கு முன்பே, 1966 அக்டோபர் 21ஆம் நாள், சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் பொதுவுடைமையாளர் நடத்திய ஊர்வலம் பொலிசாரின் தடியடியையும் மீறிச் சென்றது. அடுத்த ஆண்டில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைந்தது. தேநீர்க் கடைகளில் ஒரே கிளாஸ், கோவிலில் ஒரே வாசல் என்பனவே இயக்கத்தின் முழக்கங்கள். ஒரே கிண்ணத்தைத் தன் வழிபாட்டின் நடுவில் வைத்திருந்த சபை, அந்த ஒரே கிளாசுக்கான போராட்டத்தின் முன்வரிசையில் நின்றிருக்கவேண்டும். சிலர் தனிப்பட்ட முறையில் ஆதரவு தந்திருக்கலாம். ஆயின் அப்போராட்டத்தை நடத்தியவர்கள் உழைக்கும் மக்களும் அவர்களின் இயக்கமும்தான்.

6

பின்வந்த காலம் அனைவரும் அறிந்தது. 1983 ஜூலை வன்செயலின் பின், குருநாகல் ஆங்கிலிக்கன் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க யாழ்ப்பாணம் வந்து பாதிக்கப்பட்டோரைக் கண்டார். சிங்களக் கிறிஸ்தவன் என்ற முறையில் தம் மக்களின் குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டார். சில மாதங்களில் காலமானார். யாப்புகளாற் கட்ட முடியாத ஒற்றுமையை ஒரு மனிதனின் வெட்கம் சில நாளேனும் கட்டிக் காட்டியது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். தெல்லிப்பழையின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. கோவிலும் தேவாலயமும் பாடசாலையும் வேறுபாடின்றிக் கூரையிழந்தன. அகதி முகாமில் ஒரே கிடாரத்திற் சமைத்த கஞ்சியை எல்லாரும் வாங்கி உண்டனர். இருநூறு ஆண்டு உபதேசம் செய்யாததைப் பசி செய்தது என்று சொல்லலாம். ஆனால் மக்கள் ஊர் திரும்பியபோது வேலிகளும் கூடவே திரும்பின என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2006இன் பின்னர் யாழ்ப்பாண ஆதீனத்தினுள்ளேயே பிணக்கு முற்றி, ஒரு பகுதியினர் விலகி, பழைய அமெரிக்க மிஷனின் பெயரைத் தாங்கிய தனிச் சபையாயினர். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் வேலையன்று. 1908இலும் 1947இலும் உலகுக்கு ஐக்கியத்தின் வழிகாட்டியாயிருந்த சபை இவ்வாறு பிரிந்தமை, வரலாற்று மாணவனைச் சிந்திக்க வைக்கிறது. இக்காலத்தில் எந்தச் சபையிலும் பிளவு திரித்துவத்தைப் பற்றியோ, ஞானஸ்நானத்தைப் பற்றியோ பிறப்பது அரிது. தலைமை யாரிடம், காணி யாரிடம், கல்லூரி நிருவாகம் யாரிடம், வெளிநாட்டு நிதியின் கணக்கு யாரிடம் என்ற வினாக்களே மூலகாரணங்களாகின்றன. வெள்ளைக்கார மிஷனரி விட்டுச்சென்ற சொத்தைப் பொதுமக்களின் சொத்தாகக் கருதாமல், நிருவகிப்போரின் சொத்தாகக் கருதும் மனப்பான்மை வளர்ந்தால், அங்கே ஒற்றுமை என்ற சொல் அதிகாரத்திலுள்ளோர் மற்றவர்களை வாய்மூடச் செய்யும் கருவியாகிவிடும்.

ஒரு சபை தன் அங்கத்தவரிடையே ஒற்றுமையைக் காப்பதற்கு இவ்வரலாறு தரும் பாடங்கள் சில உள. ஒல்லாந்தர் காலம் காட்டியது போல, அதிகாரத்தாலும் சலுகையாலும் கட்டிய கூட்டம் நிலையாது. வட்டுக்கோட்டை அடுக்களை காட்டியது போல, பிளவை ஒரு வேலிக்கு அப்பால் ஒதுக்கி வைத்து அமைதி காண்பது பிளவை வளர்ப்பதேயாகும். மதுரை காட்டியது போல, சமத்துவத்தைச் செயலிற் சோதித்தால் சிலர் போய்விடுவர். அந்த இழப்புக்கு அஞ்சும் சபை அதனிலும் பெரிய ஒன்றை இழக்கும். 1947 காட்டியது போல, விட்டுக்கொடுக்கும் மனமும் நீண்ட பொறுமையும் இருந்தால் நானூறு ஆண்டுப் பகையையும் கடக்கலாம்.

ஆகவே, சபை ஒற்றுமையை வேண்டுவோர் முதலில் மிகச் சாதாரணமான இடங்களைப் பார்க்கட்டும். திருமணப் பேச்சில் சாதி கேட்கப்படுகிறதா? சேமக்காலையில் எல்லாருக்கும் ஒரே மண்ணா? சபைக் கூட்டத்தில் கூலியுழைப்பாளியும் பெண்களும் வாய் திறக்க முடிகிறதா? கணக்குப் புத்தகத்தை எந்த அங்கத்தவனும் விரித்துப் பார்க்கலாமா? வேற்றுமைக் கருத்துடையோன் துரோகி எனப்படாமல் வாதிட முடிகிறதா? இவ்வினாக்கள் கிறிஸ்தவருக்கு மட்டும் உரியனவல்ல. கோவில் பரிபாலன சபைக்கும், தொழிற்சங்கத்துக்கும், முற்போக்குப் பேசும் நம் கட்சிகளுக்கும் இவையே உரைகல். பிளவுபட்ட இடதுசாரி இயக்கத்தைச் சேர்ந்த நாம் திருச்சபையின் பிளவைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி உடையோமல்லோம்.

தெல்லிப்பழையில் டானியல் பூவர் தொடங்கிய பாடசாலைக்கு இருநூறு ஆண்டு கடந்துவிட்டது. 1960இன் பாடசாலைச் சட்டத்தின் பின் அது அரசாங்கப் பாடசாலையாயிற்று. அங்கே இன்று எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்து படிக்கின்றனர். அந்த வாங்கு எவருடைய தயவாலும் கிடைத்ததன்று. எரிக்கப்பட்ட பள்ளிக்கூடங்களின் சாம்பலிலிருந்து வென்றெடுத்தது. வகுப்பறையில் முடிந்தது தேவாலயத்திலும் பந்தியிலும் சேமக்காலையிலும் ஏன் முடியாது என்று அப்பிள்ளைகள் கேட்கப்போகும் நாளுக்கு ஆசிரியராகிய நாம் விடை தயாரித்து வைத்தல் வேண்டும். அதனிலும் மேலாக, அக்கேள்வியைக் கேட்கும் துணிவை அவர்களுக்குக் கற்பித்தல் வேண்டும்.